‘தொடாதே’ என்பதை ‘அணை’ என்று படித்த கர்னல்: லினக்ஸ் 2.6.38 மின்நுகர்வுச் சிக்கல் குறித்த நிகழ்வு ஆய்வு

மடிக்கணினியின் பேட்டரி முன்பைவிட விரைவில் தீர்ந்துவிடுகிறது என்று யாராவது சொன்னால், நான் முதலில் பார்ப்பது செயலியின் வேகத்தை அல்ல. சாதனங்களைப் பட்டியலிடும் எல்எஸ்பிசிஐ கட்டளையை ரூட் (நிர்வாகி) உரிமையுடன் விரிவாக ஓடவிட்டு, பிசிஐ எக்ஸ்பிரஸ் என்ற இணைப்பு வழியாகக் கணினியோடு சேர்ந்த ஒவ்வொரு சாதனத்தின் கீழும் வரும் இரண்டு வரிகளைத் தேடுவேன். இந்த இணைப்பால் என்னென்ன முடியும் என்பதை முதல் வரி சொல்லும்: ஏஎஸ்பிஎம் (வேலையில்லாத இணைப்பைத் தானாக ஓய்வெடுக்கவிடும் வசதி), அதில் எல்0எஸ், எல்1 என்ற ஓய்வுநிலைகள், விழித்தெழ இத்தனை மைக்ரோவினாடி. இப்போது அவற்றில் எது நடப்பில் இருக்கிறது என்பதை இரண்டாவது வரி சொல்லும். முதல் வரியில் எல்1 இருந்தும் இரண்டாவது வரியில் ‘டிசேபிள்டு’ என்றிருந்தால், தூங்கத் தெரிந்த ஓர் இணைப்பைத் தூங்கவிடாமல் யாரோ வைத்திருக்கிறார்கள் என்று பொருள். அந்த ‘யாரோ’ கணினியைத் துவக்கும் அடிப்படை நிரலான பயாஸாக இருக்கலாம், சாதனத்தை இயக்கும் நிரலான டிரைவராக இருக்கலாம், இயங்குதளத்தின் மையமான கர்னலாகவும் இருக்கலாம். 2011 மார்ச் முதல் ஏறத்தாழ ஓராண்டு காலம், ஏராளமான மடிக்கணினிகளில் அது கர்னலாகவே இருந்தது. அந்த ஓராண்டின் கதையே இந்த ஆய்வு.

இணைப்பு தூங்குவது என்றால் என்ன

பழைய பிசிஐ தடம் பல சாதனங்கள் பகிர்ந்துகொள்ளும் இணைத்தடம். பிசிஐ எக்ஸ்பிரஸ் அப்படியல்ல. ஒவ்வொரு சாதனத்துக்கும் தனி இணைப்பு, ஒவ்வோர் இணைப்பிலும் இரு திசைகளிலும் அதிவேகத் தொடர்க் குறிகைகள். முதல் தலைமுறையிலேயே ஒரு தடத்தில் வினாடிக்கு 250 கோடிப் பரிமாற்றங்கள். இந்த வேகத்தில் மறுமுனை தாளம் தவறாமல் இருக்க வேண்டுமானால், அனுப்பத் தரவு எதுவும் இல்லாத நேரத்திலும் வெற்றுக் குறியீடுகளை அனுப்பிக்கொண்டே இருக்க வேண்டும். எல்0 எனப்படும் இயல்பு நிலையில் இணைப்பு சும்மா இருந்தாலும் மின்சாரம் செலவாகிக்கொண்டே இருப்பது இதனால்தான்.

இதற்குத் தீர்வாகத் தரநிலையிலேயே இரண்டு ஓய்வுநிலைகள் வைக்கப்பட்டன. எல்0எஸ் நிலையில் ஒரு திசை மட்டும் அடங்கும். எழுந்திருக்க ஆகும் நேரம் மிகக் குறைவு. எல்1 நிலையில் இரு திசைகளும் அடங்கும். சேமிப்பு அதிகம், எழும் நேரமும் அதிகம். இவற்றைச் சாதனம் வேலையில் இருக்கும்போதே வன்பொருள் தானாகப் பயன்படுத்திக்கொள்வதைத்தான் ஏஎஸ்பிஎம் என்கிறோம். இங்கே ‘தானாக’ என்ற சொல் முக்கியமானது. சாதனத்தையே அணைத்துவைக்கும் டி3 நிலைக்கு அனுப்புவதைப்போல ஒவ்வொரு முறையும் கர்னல் உத்தரவிடுவதில்லை. இணைப்புக் கட்டுப்பாட்டு ரெஜிஸ்டர் என்ற சிறு நினைவிடத்தின் கடைசி இரண்டு பிட்களில் ஓர் அனுமதியை எழுதிவிட்டு ஒதுங்கிக்கொள்கிறது. 0 என்றால் தூக்கம் கூடாது, 1 என்றால் எல்0எஸ், 2 என்றால் எல்1, 3 என்றால் இரண்டும். எப்போது தூங்குவது, எப்போது எழுவது என்பதெல்லாம் அதன்பின் வன்பொருளின் பாடு.

அனுமதி தருவதற்கு முன் கர்னல் ஒரு கணக்குப் போட வேண்டியிருக்கிறது. ஒவ்வொரு சாதனமும் தன்னால் எவ்வளவு தாமதத்தைப் பொறுக்க முடியும் என்று அறிவிக்கிறது. அந்தச் சாதனத்திலிருந்து செயலிப் பக்கத்து மூல முனை வரையுள்ள பாதையில் எல்1-இலிருந்து எழ ஆகும் நேரம், இடையில் உள்ள ஒவ்வொரு சுவிட்சுக்கும் கூடுதலாக ஒரு மைக்ரோவினாடி சேர்த்து, அந்த வரம்புக்குள் அடங்க வேண்டும். இது ஏட்டுக்கணக்கு அல்ல. 10 கிகாபிட் வலையட்டை ஒன்றில் மிகச் சிறிய சட்டகங்கள் (தரவுப் பொட்டலங்கள்) முழுவேகத்தில் வந்தால் வினாடிக்கு 1.488 கோடி சட்டகங்கள், அதாவது ஒவ்வொன்றுக்கும் இடையே சுமார் 67 நானோவினாடி. இணைப்பு எழ 8 மைக்ரோவினாடி எடுத்துக்கொண்டால், அதற்குள் ஏறத்தாழ 120 சட்டகங்கள் வாசலில் வந்து நின்றுவிடும். அவற்றைத் தாங்கும் இடையகம் அட்டையில் இல்லாவிட்டால் தரவு போய்விடும். மின்சக்தியும் செயல்திறனும் ஒன்றோடொன்று மோதுவது இந்த இடத்தில்தான். ‘பவர்சேவ்’, ‘பெர்ஃபாமன்ஸ்’ என்ற கொள்கைகள் லினக்ஸில் இருப்பதும் இந்தத் தேர்வை நிர்வாகியிடம் விடுவதற்காகத்தான். இவற்றுக்கு நடுவே ‘டிஃபால்ட்’ என்ற கொள்கையும் உண்டு. பயாஸ் எழுதிவைத்ததை அப்படியே வைத்துக்கொள்வது அதன் வேலை.

தாளில் ஒழுங்காக இருந்த இந்த ஏற்பாடு சந்தைக்கு வந்த சாதனங்களில் அவ்வளவு ஒழுங்காக இல்லை. ஏதெரோஸ் நிறுவனத்தின் ஏத்5கே வகை வைஃபை அட்டைகள் எல்0எஸ் நிலையைத் தாங்கவில்லை. டிரைவரே அதை அணைக்கும்படி பின்னர் எழுத வேண்டியிருந்தது. இன்டெலின் 82573, 82574 வகை வலைச் சில்லுகளுக்கும் இ1000இ டிரைவரில் இதேபோன்ற விலக்கு உண்டு. தரநிலையின் 1.1 பதிப்புக்கு முந்தைய சாதனங்கள் எல்லாவற்றையும் ஐயத்துக்குரியவையாகக் கருதி, அவற்றில் ஏஎஸ்பிஎம் வேண்டாம் என்றே கர்னல் முடிவு செய்தது. ஷாவ்ஹுவா லி எழுதிய ஏஎஸ்பிஎம் ஆதரவு 2008-இல் 2.6.26 பதிப்புடன் வந்ததிலிருந்தே, இந்தப் பகுதியில் கை வைத்த எவரும் அச்சத்தோடுதான் வைத்திருக்கிறார்கள். 2.6.38-இல் நடந்ததைப் புரிந்துகொள்ள இந்த அச்சம் மனத்தில் இருக்க வேண்டும்.

ஒரு பிட், இரண்டு வாசிப்புகள்

ஏஎஸ்பிஎம் யார் கையில் என்பதைத் தீர்மானிக்க இயங்குதளத்துக்கும், பயாஸ் போன்று வன்பொருளோடு வரும் நிரலான ஃபர்ம்வேருக்கும் இடையே இரண்டு வழிகள் உள்ளன. ஒன்று, ஃபர்ம்வேர் இயங்குதளத்துக்குத் தரும் ஏசிபிஐ அட்டவணைகளில் ஒன்றான எஃப்ஏடிடி. அதில் துவக்கக் கட்டமைப்புக் கொடிகள் என்ற புலத்தில் ஒரு பிட் இருக்கிறது. அது 1 ஆக இருந்தால், இந்தக் கணினியில் ஏஎஸ்பிஎம் மீதான இயங்குதளக் கட்டுப்பாட்டைச் செயல்படுத்தக் கூடாது என்பது ஏசிபிஐ தரநிலையின் கருத்து. மற்றொன்று, ஓஎஸ்சி என்ற வழிமுறை: பிசிஐ எக்ஸ்பிரஸின் எந்தெந்தக் கூறுகள் என் பொறுப்புக்கு வரவேண்டும் என்று இயங்குதளம் கேட்கும்; எவற்றைத் தருகிறேன் என்று ஃபர்ம்வேர் பதில் சொல்லும்.

தரநிலையின் வாசகத்தை மீண்டும் பார்க்க வேண்டும். அது பேசுவது கட்டுப்பாட்டைப் பற்றி. கணினியில் ஏஎஸ்பிஎம் என்ற வசதி இருக்கிறதா இல்லையா என்பதைப் பற்றி அது எதுவும் சொல்லவில்லை. ஆனால் இந்த பிட்டைக் கண்டதும் லினக்ஸ் பதிவேட்டில் எழுதிய செய்தியோ, இந்தக் கணினி ஏஎஸ்பிஎம்மை ஆதரிக்கவில்லை என்று எஃப்ஏடிடி அறிவிக்கிறது, ஆகவே அதை முடக்குகிறோம் என்ற பொருளில் இருந்தது. ‘நீ கட்டுப்படுத்தாதே’ என்பது ‘இங்கே அது இல்லை’ என்று பெயர்மாறிப் போயிருந்தது. இந்தச் சறுக்கலால் 2.6.37 வரை தீங்கு எதுவும் நேரவில்லை. செய்தி எதைச் சொன்னாலும், குறிநிரல் செய்தது ரெஜிஸ்டர்களைத் தொடாமல் விட்டது மட்டுமே. பயாஸ் 3 என்று எழுதியிருந்தால் 3 ஆகவே இருந்தது.

2011 மார்ச்சில் வெளிவந்த 2.6.38-இல் இது மாறியது. அப்போது ரெட் ஹாட்டில் பணியாற்றிய மேத்யூ கேரட் எழுதிய திருத்தம் ஒன்று, பிசிஐ பகுதியின் அன்றைய பராமரிப்பாளர் ஜெஸ்ஸி பார்ன்ஸ் வழியாகக் கர்னலுக்குள் வந்தது. அதன் நோக்கம் நேர்மையானது. ஏஎஸ்பிஎம் கிடையாது என்று பயாஸ் சொல்லிவிட்டு, சில சாதனங்களில் மட்டும் எக்காரணத்தாலோ அதை இயக்கி வைத்திருந்தால் சிக்கல் வரலாம். ஆகவே எஃப்ஏடிடி பிட் அமைந்திருக்கும் கணினிகளில் எல்லா இணைப்புகளின் அனுமதியையும் கர்னலே வெளிப்படையாக 0 ஆக்கிவிடட்டும் என்பது அதன் வாதம். அந்த பிட்டின் பொருள் ‘இங்கே அது இல்லை’ என்று ஏற்றுக்கொண்டால், இந்த வாதத்தில் எந்தக் குறையும் இல்லை. சாதனங்கள் உறையும் அனுபவம் கண்முன் இருக்கும்போது பாதுகாப்பின் பக்கம் சாய்வது பொறுப்பான செயலும்கூட. வாதம் நின்ற தரைதான் தவறு.

பிழைச்செய்தி இல்லாத பிழை

இனி விளைவைப் பார்க்கலாம். கணினி துவங்கியது. வைஃபை வேலை செய்தது, வரைகலை வேலை செய்தது, சோதனைகள் தேறின, பதிவேட்டில் சிவப்பு வரி ஒன்றும் இல்லை. மாறியது ஒன்றே ஒன்று: ஏஎஸ்பிஎம்மை இயக்கிவைத்து, கூடவே அந்த எஃப்ஏடிடி பிட்டையும் அமைத்திருந்த மடிக்கணினிகளில், பயாஸ் தந்திருந்த தூக்க அனுமதி துவக்கத்தின்போதே பறிக்கப்பட்டது. இணைப்புகள் எல்லாம் எல்0 நிலையில் விழித்தபடி இருந்தன. காற்றாடி சற்று அதிகமாகச் சுழன்றது, பேட்டரி சற்று முன்னதாகத் தீர்ந்தது.

2011 ஏப்ரலில் உபுண்டு 11.04-உம் மே மாதத்தில் ஃபெடோரா 15-உம் இந்தக் கர்னலோடு வெளிவந்தன. புதிய இயங்குதளத்துக்கு மாறியவர் பேட்டரி நேரம் குறைந்ததைக் கண்டால் எதைக் குற்றம் சொல்வார்? புதிய திரைத்தோற்றத்தை, புதிய உலாவியை, பழசாகிப்போன பேட்டரியை. கர்னலின் மின்நுகர்வுப் பிழைகள் நீண்ட நாள் வாழ்வதற்கு இதுவே காரணம் என்று நான் நினைக்கிறேன். செயலிழப்பு தன்னைத் தானே காட்டிக்கொடுக்கும்; வீண்செலவு அளப்பவருக்கு மட்டுமே தெரியும்.

அளந்தவர் ஃபோரானிக்ஸ் இதழை நடத்தும் மைக்கேல் லாரபெல். புதிய கர்னல்களில் மடிக்கணினிகளின் மின்நுகர்வு கூடியிருப்பதை 2011 ஏப்ரலிலேயே எழுதிய அவர், ஜூன் மாதத்தில் காரணம் ஏஎஸ்பிஎம் மாற்றமே என்று சுட்டிக்காட்டினார். இந்த வேலையின் கடினத்தைக் குறைத்து மதிப்பிடக் கூடாது. ஒரு கர்னல் பதிப்புக்கும் அடுத்ததற்கும் இடையே ஒன்பதாயிரத்துக்கும் மேற்பட்ட மாற்றங்கள். கிட் பைசெக்ட் முறையில் ஒவ்வொரு முறையும் பாதியாகக் குறைத்துக்கொண்டே போனால், பதின்மூன்று பதினான்கு படிகளில் குற்றவாளி மாற்றம் அகப்பட்டுவிடும். படிகளின் எண்ணிக்கை கேட்கச் சிறியதாகத்தான் இருக்கிறது. ஆனால் செயலிழப்பைத் தேடும்போது ஒவ்வொரு படியிலும் விடை ‘ஆம்’ அல்லது ‘இல்லை’. மின்நுகர்வைத் தேடும்போது விடை ஓர் எண், அதுவும் ஆடிக்கொண்டே இருக்கும் எண். திரையின் ஒளி, வட்டின் சுழற்சி, பின்னணியில் விழிக்கும் ஏதோ ஒரு நிரல் என எல்லாமே அந்த எண்ணை அசைக்கும். ஒவ்வொரு படியிலும் கர்னலைத் தொகுத்து, மறுதுவக்கம் செய்து, கணினி அடங்கக் காத்திருந்து, போதிய நேரம் அளந்து, ‘இது கூடுதல்தான்’ என்று துணிந்து சொல்ல வேண்டும். ஒரே படியில் தவறாகத் தீர்ப்புச் சொன்னாலும் தேடல் வேறு திசையில் போய், சம்பந்தமே இல்லாத ஒரு மாற்றத்தின் மீது பழி விழும்.

காரணம் தெரிந்ததும் ஒரு தற்காலிகத் தீர்வு பரவியது: துவக்க அளவுருவாக ‘ஏஎஸ்பிஎம் ஃபோர்ஸ்’ கொடுப்பது. பலருக்கு அது பேட்டரி நேரத்தைத் திருப்பித் தந்தது. ஆயினும் அது நல்ல மருந்து அல்ல. ஃபர்ம்வேரின் எச்சரிக்கையோடு, 1.1-க்கு முந்தைய சாதனங்களுக்கான விலக்கையும் அது மீறுகிறது. பயாஸ் எழுதியதைத் திரும்பக் கொண்டுவருவதற்கும், பயாஸ் வேண்டாம் என்றாலும் இயக்குவேன் என்பதற்கும் உள்ள வேறுபாடு, சில கணினிகளில் நன்றாக ஓடுவதற்கும் திடீரென உறைந்துபோவதற்கும் உள்ள வேறுபாடாகிவிடும். காரணம் தெரிந்தபின்னும் கர்னலில் இயல்பான திருத்தம் உடனே வராததற்கும் இதுவே அடிப்படை: பழைய நிலைக்குத் திரும்பினால் எந்தெந்தக் கணினிகள் உறையும் என்று யாராலும் உறுதி சொல்ல முடியவில்லை.

திருத்தம்

முடிச்சை அவிழ்த்தவர் அதைப் போட்டவரே. 2011 நவம்பரில் கேரட் புதிய திருத்தம் ஒன்றை அனுப்பினார். விண்டோஸ் விஸ்டாவில் பிசிஐ எக்ஸ்பிரஸ் எப்படிக் கையாளப்படுகிறது என்பதைப் பற்றி மைக்ரோசாஃப்ட் வெளியிட்டிருந்த விளக்கவுரை ஒன்றை அவர் சான்றாக எடுத்துக்கொண்டார். ஓஎஸ்சி வழியாக முழுக் கட்டுப்பாடும் கைமாறினாலன்றி விண்டோஸ் பிசிஐ எக்ஸ்பிரஸ் கூறுகள் எதையும் தொடுவதில்லை என்பது அதிலிருந்து அவர் எட்டிய முடிவு. அப்படியானால் கட்டுப்பாடு கிடைக்காத கணினியில் ஏஎஸ்பிஎம் நிலையை அழிப்பதும் தொடுவதே ஆகும், அது தவறு. புதிய குறிநிரல், பொறுப்பு முறையாகக் கைமாறிய பின்னரே அழிக்கும் வேலையைச் செய்யும்படி மாற்றப்பட்டது.

அந்தத் திருத்தத்தோடு அவர் எழுதிய குறிப்பு, கர்னல் வரலாற்றில் நான் மிகவும் மதிக்கும் குறிப்புகளில் ஒன்று. முன்பு செய்தது பிழையாக இருக்கலாம் என்று அதில் ஒப்புக்கொள்கிறார். இந்த உறுப்புகள் ஒன்றோடொன்று எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதற்குப் பொது ஆவணம் எதுவுமே இல்லை, ஆகவே இதுதான் சரி என்று அறுதியிட்டுச் சொல்வது கடினம் என்கிறார். ஆனால் ஏஎஸ்பிஎம்மை இயக்கி வைத்துவிட்டு இந்த பிட்டையும் அமைக்கும் உற்பத்தியாளர்கள் இத்தனை பேர் இருக்கும்போது, இயங்குதளம் அதை அப்படியே விட்டுவிட வேண்டும் என்றே அவர்கள் எதிர்பார்க்கிறார்கள் எனக் கொள்வது பொருத்தம் என்று வாதிடுகிறார். கடைசியில் ஓர் அளவீடு: சும்மா இருக்கும் திங்க்பேட் எக்ஸ்220 மடிக்கணினியில் ஏறத்தாழ 5 வாட் மிச்சம்.

5 வாட் என்பது எவ்வளவு? கணக்குக்காக 60 வாட்-மணிப் பேட்டரி ஒன்றை எடுத்துக்கொள்வோம். சும்மா இருக்கும்போது 12 வாட் இழுத்தால் 5 மணி நேரம் வரும். 7 வாட் இழுத்தால் எட்டரை மணி நேரம் வரும். சென்னையில் ரயில் ஏறியவர் மதுரை போய்ச் சேரும் வரை தாங்குமா, திருச்சி தாண்டியதுமே மின்செருகியைத் தேட வேண்டுமா என்ற அளவுக்கான வேறுபாடு இது. இத்தனையும் இணைப்புக் கம்பிகளில் மட்டும் போனதாக நான் கருதவில்லை. ஓர் இணைப்பு விழித்திருந்தால் அதைச் சார்ந்த கடிகாரங்களும் சுற்றுகளும் விழித்திருக்க வேண்டும். பின்வந்த இன்டெல் தலைமுறைகளில், இணைப்புகள் எல்1-க்குப் போகாவிட்டால் செயலித் தொகுதி முழுவதுமே ஆழ்ந்த ஓய்வுநிலைக்குப் போக இயலாத அளவுக்கு இந்தச் சார்பு இறுகியது. ஒரு சிறிய சாதனத்தின் இரண்டு பிட்கள் கணினி முழுவதன் உறக்கத்தையும் பிடித்து வைக்கும்.

திருத்தம் 3.3 பதிப்புக்காக ஏற்கப்பட்டது. அதற்குக் காத்திருக்காமல் 2012 பிப்ரவரியில், பிழைத்திருத்தங்களுக்கான நிலைக் கிளையின் 3.2.5 வெளியீட்டிலும் சேர்க்கப்பட்டது. அந்த வெளியீட்டின் பொருளே இந்த ஒரு திருத்தம்தான். 3.2 கிளையை அடிப்படையாகக் கொண்ட உபுண்டு 12.04 பயனர்களுக்கு இதனால் சிக்கல் வரவே இல்லை. 2.6.38, 2.6.39, 3.0, 3.1, 3.2 என ஐந்து முதன்மைப் பதிப்புகள் இந்தக் குறையோடு போயிருந்தன.

தீர்வு விட்டுச்சென்ற முடிச்சு

கட்டுப்பாடு இல்லையேல் தொடாதே என்ற நெறி சரியானது என்றாலும், அதற்கு ஒரு விலை இருந்தது. ஏஎஸ்பிஎம்மைத் தாங்காத சாதனம் ஒன்றின் டிரைவர், கர்னலின் பொதுச் செயற்கூற்றை அழைத்து ‘என் இணைப்பில் எல்0எஸ் வேண்டாம்’ என்று கேட்கிறது. கட்டுப்பாடு ஃபர்ம்வேரிடம் இருந்தால், இயங்குதளத்துக்கு ஏஎஸ்பிஎம் கட்டுப்பாடு இல்லை, ஆகவே முடக்க முடியாது என்ற எச்சரிக்கையோடு அந்த அழைப்பு திரும்பிவிடும். பழுதான சாதனம் பழுதோடு ஓடும். இ1000இ போன்ற சில டிரைவர்கள் இதைச் சுற்றிக்கொண்டு, ரெஜிஸ்டரைத் தாமே நேராக எழுதும் வழியை வைத்திருக்கின்றன. அங்கேயும் ஓர் ஒழுங்கு கட்டாயம்: அணைக்கும்போது கீழ்முனையான சாதனத்தை முதலிலும் மேல்முனையை அதன் பின்னும், எல்1-ஐ இயக்கும்போது மேல்முனையை முதலிலும் எழுத வேண்டும். பொதுக் குறிநிரல் கவனித்துக்கொள்ள வேண்டிய இந்த நுணுக்கத்தை ஒவ்வொரு டிரைவரும் தனித்தனியே சுமப்பது நல்ல வடிவமைப்பு அல்ல என்பதே என் எண்ணம். ஆனால் பயனரின் கணினி உறைந்து கிடக்கும்போது டிரைவர் எழுதுபவரிடம் வேறு வழியும் இல்லை.

பின்னாளில் இந்தப் பகுதி வளர்ந்துகொண்டே வந்தது. எல்1-க்குள் இன்னும் ஆழமான துணைநிலைகளுக்கான ஆதரவு 2017-இல் 4.11 பதிப்புடன் வந்தது. 2020 தொடக்கத்தில் வெளிவந்த 5.5-இலிருந்து ஒவ்வொரு சாதனத்தின் இணைப்புக்கும் எந்த நிலை வேண்டும் என்பதை, கர்னலின் அமைப்புகளைக் காட்டும் சிஸ்எஃப்எஸ் கோப்புகள் வழியாகத் தனித்தனியே அமைக்க முடிகிறது. கணினி முழுவதற்கும் ஒரே கொள்கை என்ற முரட்டு விசையைவிட இது எவ்வளவோ மேல். வைஃபை அட்டை மட்டும் தகராறு செய்தால் அதன் எல்0எஸ்-ஐ மட்டும் நிறுத்திவிட்டு, திடநிலை வட்டைத் தூங்கவிடலாம். பிழை தேடும்போதும் கர்னலை மறுபடி துவக்காமலேயே ஒவ்வோர் இணைப்பாக மாற்றி அளந்து பார்க்கலாம்.

இன்றும் கர்னல் மூலத்தில் ஏஎஸ்பிஎம் கோப்பைத் திறந்து, ஃபர்ம்வேர் மறுக்கும்போது அழைக்கப்படும் செயற்கூற்றைப் பார்த்தால், அதற்குள் ஒரு குறிப்புரை இருக்கிறது. ஏஎஸ்பிஎம்மை முடக்குவது என்பதன் நோக்கம், வன்பொருளில் ஏற்கனவே உள்ள நிலையைக் கர்னல் மாற்றாமல் தடுப்பது, அந்த நிலையை அழிப்பது அல்ல என்று அது சொல்கிறது. அதன் கீழே இரண்டு செயல்கள் மட்டுமே: கொள்கையை ‘டிஃபால்ட்’ என்று வைப்பது, பயனர் அதை மாற்றாமல் பூட்டுவது. ரெஜிஸ்டரில் எழுதும் வரி ஒன்றுகூட அங்கே கிடையாது.